ஏழாம் குழியில் மஞ்சள் பந்து

பல் டாக்டருக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டதில் கோளாறு ஒன்றுமில்லை. கோளாறு, நூற்று நாற்பது கஜம் தள்ளி நின்ற சகலையிடம் இருந்தது.

கதை உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெரியவருக்கு இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் நம் பல் டாக்டர். இளையவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஓரத்துச் சின்ன கோல்ஃப் கிளப்பில் வருடம் ஒருமுறை ஜோடிப் போட்டி நடக்கும். ஒன்பது வருடமாக மாமனாரும் பல் டாக்டரும்தான் ஜோடி. இரண்டு மாதத்துக்கு முன்னால், காபி குடித்துக்கொண்டே பெரியவர் சொன்னார்: "இந்த வருஷம் சின்ன மாப்பிள்ளையோட ஆடிப் பார்க்கிறேன்." அன்றைக்குத் தொங்கிய முகம் பல் டாக்டருக்கு இன்னும் நிமிரவில்லை.

அதோடு போயிற்றா? அன்றிலிருந்து சின்னவன் மாமனாரை விட்டு நகரவே இல்லை. சாயங்காலமானால் டிரைவிங் ஸ்கூல் காரின் பின் சீட்டில் ஏறிக்கொள்கிறான். ஓட்டத் தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை? வாலாட்டுகிற வேலைதான் என்று பல் டாக்டர் முடிவு கட்டியிருந்தார்.

இப்போது அந்த ஜோடி முன்னால் ஆடுகிறது. பின்னால் பல் டாக்டரும் அவர் மனைவி கணக்கு டீச்சரும். சீட்டுக் குலுக்கிப் போட்டபோது அப்படி விழுந்துவிட்டது. இந்தக் கிளப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. முன்னால் போகும் ஜோடி எத்தனை அடியில் முடித்தது என்ற அட்டையில் பின்னால் வரும் ஜோடிதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, அந்தக் கூத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கண்கொட்டாமல் பார்த்தே தீரவேண்டிய கட்டாயம்.

"இருபது நிமிஷமா நிக்கிறோம்," என்றார் பல் டாக்டர், வாட்ச்சைப் பார்த்து.

"பதினெட்டு," என்றாள் டீச்சர். தூரம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கண்ணில் வைத்திருந்தாள்.

"என்ன பண்றான் அவன்?"

"தேடறார்."

"என்னத்த?"

"பந்தைத்தான். வேற என்னத்தத் தேடுவாங்க இங்க?"

ஒவ்வொரு குழியிலும் இதே கதைதான். மாமனார் அடிப்பார். சின்னவன் தபதபவென்று ஓடுவான். எங்கேயோ போய் விளக்குக் கம்பம் மாதிரி நிற்பான். பெரியவர் அவனைப் பார்த்து ஆடி அசைந்து நடந்து போவார். அப்புறம் சின்னவன் தன் பந்தைத் தேடப் புதருக்குள் நுழைவான். கிடைத்ததும் காற்றில் ஏழு தடவை வீசிப் பார்ப்பான். எட்டாவது தடவை அடித்தால் அது இன்னொரு புதருக்குள் போகும். இதற்கு நடுவே பெரியவர் அவன் தோளில் கை போட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் பல் டாக்டரின் நெஞ்சில் தைத்தது. அந்தக் கை ஒன்பது வருடமாக இவர் தோளில் இருந்த கை.

"மெதுவா ஆடறது தப்பில்ல," என்றார் பல் டாக்டர். "எல்லாரும் ஒரு காலத்துல மெதுவா ஆடினவங்கதான். பின்னாடி ஆள் நிக்கிறாங்கன்னா ஓரமா ஒதுங்கிக் கையைத் தூக்கிக் காட்டணும். 'நீங்க அடிச்சிட்டு முன்னாடி போங்க'ன்னு. அவ்வளவுதான் மரியாதை. எனக்கு இதைச் சொன்னதே உங்கப்பாதான்."

"தெரியும். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே உங்களுக்குச் சொன்னார்."

"'முன்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு பாருங்க, அப்புறம் அடிங்க'ன்னார். காருக்கும் அதே பாடம்தான் அவருக்கு. இப்ப பாரு. ஆறு குழி ஆயிடுச்சு. ஒரு தடவை கை தூக்கினாங்களா?"

டீச்சர் கண்ணாடியை இறக்கினாள். "உங்களுக்குக் கோபம் லேட் ஆகுதேன்னா, இல்ல அப்பா அவரோட ஆடறாரேன்னா?"

பல் டாக்டர் மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொன்னால் நாற்பத்தாறு வயசுக்கு நன்றாக இருக்காது.

பாட்டரி வண்டியில் மார்ஷல் வந்தார். ஆட்டம் தேங்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மெதுவாக ஆடுகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே வாட்ச்சைக் காட்டிவிட்டுப் போவார்.

"மார்ஷல் சார், கொஞ்சம் சொல்லுங்க அவங்ககிட்ட. எங்களுக்கு வழி விடச் சொல்லுங்க."

மார்ஷல் போனார். பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சின்னவர் மூணு தடவை மன்னிப்புக் கேட்டார் சார். சீக்கிரம் ஆடறோம்னார். ஆனா வழி மட்டும் விட முடியாதாம்."

"ஏன் முடியாதாம்?"

"காரணம் சொல்லல. வேற யாரா இருந்தாலும் விடுவோம், உங்களைத்தான் விட முடியாதுன்னார்."

மார்ஷல் வண்டியைத் திருப்பிக்கொண்டு நல்ல பிள்ளையாக நழுவினார். பல் டாக்டரின் காது சூடானது. வேறு யாராக இருந்தாலும் விடுவானாம். தனக்கு மட்டும் கிடையாதாம். இடத்தைப் பிடுங்கியது போதாதென்று வழியையும் மறிக்கிறான்.

ஏழாவது குழி சின்னது. நன்றாக அடித்தால் ஒரே அடியில் பந்து, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் விழும். கொடியைச் சுற்றி வழித்த புல்லில் மாமனாரும் சகலையும் நின்றார்கள். சகலை குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் நெற்றிக்கு மேல் கையைத் தூக்கினார்.

"கை காட்டுறார்," என்றார் பல் டாக்டர்.

"வெயிலுக்கு மறைக்கிறார்."

"கை தூக்கினார் இல்ல?"

"என்னங்க, வேண்டாம். அது அந்தக் கை இல்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்தே மஞ்சள் பந்தை வைத்தார், கட்டையை எடுத்தார், அடித்தார்.

அவர் வாழ்க்கையிலேயே அப்படி ஓர் அடி விழுந்ததில்லை. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து நேராகக் கிளம்பி உயரப் போனது. முன்னால் ஆள் நிற்கும்போது அடிப்பவனை அந்தக் கிளப்பில் யாரும் மதிப்பதில்லை. ஒன்பது வருடத்தில் பல் டாக்டரே இரண்டு பேர் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பந்து உச்சிக்குப் போனபோதுதான் அவருக்குப் புத்தி வந்தது.

"பந்து! பந்து!" என்று கத்தினார்.

சகலை தலையைக் கைகளால் மூடி உட்கார்ந்துவிட்டான். பெரியவர் அசையவில்லை. முகத்தை மட்டும் தூக்கி, பந்து வராத பக்கமாக வானத்தைப் பார்த்தார். பந்து அவருக்கு மூன்றடி தள்ளி விழுந்தது. உருண்டு வந்து அவர் ஷூவை ஒட்டி நின்றது.

பல் டாக்டருக்கு மூச்சு வந்தது. உடனே போய்விட்டது. பெரியவர் குனிந்தார், தன் கட்டையைச் சரி பண்ணிக்கொண்டார், காலடியில் இருந்த பந்தை மெல்லத் தட்டினார். அது உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. பெரியவர் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தார்.

டீச்சர் கண்ணாடியை இறக்காமலே பேசினாள். "அது உங்க பந்து."

"என்ன?"

"அப்பா அடிச்சது மஞ்சள் பந்து. அவரோட வெள்ளைப் பந்து அந்த ஓரத்துல கிடக்கு. சின்னவர் அதை இப்பத்தான் எடுத்துப் பைல போட்டார்."

மாமனாருக்கு வெள்ளை, மருமகனுக்கு மஞ்சள். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட மாறியதில்லை. அந்த நூற்று நாற்பது கஜத்துக்கு அப்பாலிருந்து சகலை இவரைப் பார்த்தான். உதட்டின் மேல் விரலை வைத்தான்.

*

அவர்கள் கொடிக்கருகே போனபோது பெரியவர் உற்சாகத்தில் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார். கண் இவர் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது.

"யாரு? பெரிய மாப்பிள்ளையா?" என்றார். "ரெண்டே அடி. பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மாமா."

"நடுவுல யாரோ பந்தை அடிச்சாங்க. பக்கத்துக் குழிலேர்ந்து தப்பி வந்ததுன்னு சின்ன மாப்பிள்ளை சொன்னார். அப்படி அடிக்கிறவங்களை எல்லாம் கிளப்பை விட்டே அனுப்பணும்."

பல் டாக்டர் சகலையைப் பார்த்தார். சகலை புல்லைப் பார்த்தான். தான் பண்ணிய தப்பையும் சேர்த்து அவன் மறைத்துவிட்டான் என்று புரிந்தபோது நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரைப் பிடிக்கவில்லையோ அவனிடமே கடன்பட்டு நிற்பதைப் போல ஓர் அவஸ்தை கிடையாது.

டீச்சர் அப்பாவின் கையைப் பிடித்து அடுத்த குழிப் பக்கம் நடத்திப் போனாள். இரண்டு மாப்பிள்ளைகளும் தனியாக நின்றார்கள்.

"எத்தனை நாளா மாமாவுக்குக் கண் இப்படி?" என்றார் பல் டாக்டர்.

"ரெண்டு மாசம் அண்ணே. நேரா பார்க்கிற இடம் மட்டும் புகை மூட்டமா இருக்காம். ஓரம் தெரியுது. அதனால நடக்கறார், சமாளிக்கறார்."

"உன்கிட்ட மட்டும் சொன்னாரா?"

இதுதான் அடுத்த கேள்வியாக வந்தது. மருந்து உண்டா, டாக்டரைப் பார்த்தாரா என்பதெல்லாம் அப்புறம். பல் டாக்டருக்கே அது வெட்கமாக இருந்தது.

"சொல்லல. நானா கண்டுபிடிச்சேன். நான் ரிப்பேர் பண்ணின லிஃப்ட்ல ஒருநாள் ஏறினார். பட்டனைப் பார்க்காம விரலால தடவி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. தினமும் பட்டன் மாத்துற வேலைண்ணே எனக்கு. கண் தெரிஞ்சவங்க யாரும் அப்படித் தொட மாட்டாங்க."

பல் டாக்டருக்குப் போன மாதம் நினைவுக்கு வந்தது. பெரியவரை நாற்காலியில் சாய்த்து அரை மணி நேரம் பல் சுத்தம் செய்தார். முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். வாயைப் பார்த்தார். அதற்கு நாலு விரற்கடை மேலே இருந்த கண்ணை அவர் பார்க்கவில்லை.

"அவர் பந்து எங்க விழுதுன்னு நான் ஓடிப்போய்ப் பார்த்து, அது பக்கத்துலயே நிக்கணும். ஆள் நிக்கிற நிழல் தெரிஞ்சு அவர் வருவார். அதான் லேட். என் பந்து காணாம போறது நிஜம்தான். எனக்கு ஆட வராது."

"எங்களுக்கு வழி விட்டிருக்கலாமே?"

"விட்டா நீங்க பக்கத்துல வந்து நிப்பீங்க. அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்." சகலை தயங்கினான். "யாருக்கு வேணா தெரியட்டும், பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம்னார் அண்ணே."

"ஏன்?"

"நீங்க சட்டப்படி நடப்பீங்க. கார் சாவியை வாங்கி வைப்பீங்க. அடுத்த வாரம் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை இருக்கு. அதுவரைக்குமாவது ஸ்கூலுக்குப் போயிக்கறேன்னார். அதனாலதான் பின் சீட்ல உக்காந்து நான் சொல்லிக்கிட்டே வரேன். முன்னாடி சைக்கிள், இடது பக்கம் லாரின்னு."

சட்டப்படி நடப்பீங்க. பத்து நிமிஷத்துக்கு முன் ஆள் மேல் பந்தடித்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண் போனதைவிட, அதைத் தன்னிடம் மறைத்ததுதான் அவருக்கு வலித்தது. ஊரெல்லாம் தெரிந்துகொள்ளலாம், தான் மட்டும் கூடாது என்றால் ஒன்பது வருடமும் அந்தக் கை எதற்குத் தோளில் கிடந்தது?

*

ஒன்பதாவது குழி முடிந்து கிளப் வராந்தாவில் அட்டை எழுதும் மேஜைக்கு வந்தார்கள். சகலையின் போன் அடித்தது. ஏதோ ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நடு மாடியில் நின்றுவிட்டது, உள்ளே ஆறு பேர். அவன் பல் டாக்டரின் காதருகே வந்தான்.

"அண்ணே, நான் போயே ஆகணும். நாலு மணிக்குப் பாப்பாவுக்கு மாமாகிட்ட முதல் கிளாஸ். எப்படியாவது தள்ளிப் போடுங்க. தலைவலின்னு சொல்லுங்க, என்னவாவது சொல்லுங்க. தனியா மட்டும் அனுப்பிடாதீங்க."

பாப்பா என்றால் பல் டாக்டரின் ஒரே மகள். பதினெட்டு முடிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. தாத்தாவிடம்தான் வண்டி கற்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரிந்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

சகலை பைக்குள் கை விட்டு வேன் சாவியை உருவிக்கொண்டு ஓடினான்.

மாமனார் அட்டையை நீட்டினார். ஏழாம் குழிக் கட்டத்தில் இரண்டு என்று சகலையின் கோழிக் கிறுக்கல். அது தப்பு. அடுத்தவர் பந்தை அடித்தால் தண்டனை உண்டு, அதை மறைத்தவருக்கும் உண்டு. பல் டாக்டருக்கு அந்த விதி பக்க எண்ணோடு தெரியும்.

"போடுங்க மாப்பிள்ளை," என்றார் பெரியவர். குரலைத் தாழ்த்தினார். "உங்க அடியோட சத்தம் எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். அவ்வளவு சுத்தமா இந்தக் கிளப்புல ஒருத்தருக்குத்தான் விழும்."

பல் டாக்டரின் பேனா நின்றது.

"என் மேல கோபம்னு புரிஞ்சுது. நியாயம்தான். சின்ன மாப்பிள்ளை உங்ககிட்ட சொல்லிட்டார்னும் தெரியும், அவர் குரல்லயே தெரியுது. நீங்க என் கண்ணைப் பத்திச் சொல்ல வேண்டாம், நான் உங்க அடியைப் பத்திச் சொல்லல."

"மாமா, பாப்பாவோட கிளாஸ்..."

பெரியவரின் கை எழுந்து, கொஞ்சம் தடவி, அவர் தோளைக் கண்டுபிடித்து உட்கார்ந்தது. "அதைத்தான் கேக்க வந்தேன். சின்னவருக்கு வேலை வந்துடுச்சு. நீங்க பின்னாடி உக்காந்துக்கறீங்களா? முன்னாடி என்ன இருக்குன்னு மெதுவா சொன்னா போதும். இனிமே நீங்களே வாங்க."

மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஓர் அப்பாவுக்கு அதைத் தவிர வேறு பதிலே கிடையாது. ஆனால் இரண்டு மாதமாக அந்தக் கைக்கு ஏங்கிய மனிதரிடம் அல்லவா கேட்டுவிட்டார்? இனிமே நீங்களே வாங்க. சின்னவன் இல்லை, நீங்கள். பல் டாக்டரின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது.

"உக்காந்துக்கறேன் மாமா."

கையெழுத்தும் போட்டார்.

*

டீச்சர் அப்போது வராந்தாப் படியை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தாள். சின்னவர் சாவியை உருவியபோது அவர் பையிலிருந்து ஏதோ விழுந்து உருண்டதை அவள் மட்டும் பார்த்தாள். எடுத்தாள். மஞ்சள் பந்து. அதை மறைத்து எடுத்துப் போக அவருக்கு என்ன அவசியம்? அப்பா ஏன் வந்தது யாரென்று கேட்டார்? வாசற்படியில் ஏன் காலால் துழாவி இறங்குகிறார்? கணக்கு டீச்சருக்குக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதற்குள் மூவரும் காரில் ஏறிவிட்டார்கள். பாப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் தாத்தா. பின் சீட்டில் அப்பா. அந்த சீட்டில் சகலையின் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கிடந்தது. பல் டாக்டர் அதைக் கீழே தள்ளிவிட்டு வசதியாக உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"அப்பா நீங்க எதுக்கு வரீங்க? எனக்கு இன்னும் பயமா இருக்கும்," என்றாள் பாப்பா.

"சும்மாதான்."

"சாவியைத் திருப்பு கண்ணு," என்றார் தாத்தா. "கிளட்ச்சை அழுத்து. கியர். அவசரமே இல்ல."

எஞ்சின் உறுமியது. பாப்பா குனிந்து கியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நேரே முன்னால் பார்த்தபடி, வழக்கமான பாடத்தை வழக்கமான குரலில் பின்பக்கம் கேட்டார்.

"முன்னாடி யாராவது நிக்கிறாங்களா மாப்பிள்ளை?"

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். காருக்கு நாலடி முன்னால், நடு வழியில், அவர் மனைவி நின்றாள். ஒரு கையைத் தூக்கியிருந்தாள். அந்தக் கையில் மஞ்சள் பந்து இருந்தது. இந்தத் தடவை அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அவர் சொல்வதற்குள் மகள் நிமிர்ந்துவிட்டாள்.

"அம்மா நிக்கிறாங்களே தாத்தா. நேரா, உங்க எதிர்லயே." அவள் சிரித்தாள். அப்புறம் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "தாத்தா, உங்களுக்குத் தெரியலையா?"

பெரியவரின் கை மெல்லப் பின்பக்கம் நீண்டு, சீட்டைத் தடவி, பெரிய மாப்பிள்ளையைத் தேடியது.